கரைமேல் ஏறும்போது கியர் மாற்றுகிறோம்: உத்திரமேரூர் சைக்கிள் பயணக் குறிப்புகள் பற்றி

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணி. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் வாசல். பத்துப் பன்னிரண்டு சைக்கிள்கள் மதில் ஓரமாகச் சாய்ந்து நிற்கின்றன. ஹெல்மெட்டைக் கழற்றாமலேயே ஒருவர் செல்போனைப் பார்த்து வாசிக்கிறார்: "ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இங்க எலெக்‌ஷன் நடந்திருக்கு. உலகத்துக்கே ஜனநாயகத்தைச் சொல்லிக்கொடுத்த ஊர் இது." எல்லாரும் தலையாட்டுகிறார்கள். கல்வெட்டுக்கு முன்னால் ஒரு குழுப் படம். ஒன்பது மணிக்கு டிபன் கடை. பத்து மணிக்குள் வெயில் ஏறுவதற்கு முன் திரும்பும் பாதை. அன்று இரவே பயணக் குறிப்பு எழுதப்பட்டுவிடும்: இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம், பசுமையான வயல்கள், வெள்ளந்தியான கிராம மக்கள், ஆயிரமாண்டுப் பெருமை.

கிண்டல் செய்வதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றிருக்கிறேன். அந்த மாதிரிக் குறிப்பை நானும் எழுதியிருக்கிறேன். சமீபத்தில் அந்தப் பழைய குறிப்பை எடுத்து வாசித்தபோது கொஞ்சம் வெட்கமாக இருந்தது. அதன் பிறகு, காஞ்சிபுரம் கிராமப்புறத்தைச் சைக்கிளில் சுற்றியவர்கள் எழுதியவற்றைத் தேடித்தேடி வாசித்தேன். ஏறக்குறைய எல்லாம் ஒரே அச்சு. ஒரு வகை எழுத்து இப்படி அச்சாகிப்போனால் அது எதைப் பார்க்கிறது, எதைப் பார்க்காமல் விடுகிறது என்று கேட்பது நியாயம். இந்தக் குறிப்பு அதற்குத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன்

கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் சென்னையில் சைக்கிள் குழுக்கள் நிறைய வந்துவிட்டன. விடியற்காலையில் எழுந்து கூட்டமாக ஓட்டும் பழக்கத்தை 'வி ஆர் சென்னை சைக்ளிங் குரூப்' போன்றவை பரப்பின. 'சைக்கிளிங் யோகிஸ்' போன்ற குழுக்கள் பாரம்பரிய இடங்களை மையமாக வைத்தே பாதையைத் திட்டமிடுகின்றன. 'மெட்ராஸ் ராண்டனர்ஸ்' நடத்தும் ப்ரெவே பயணங்களில் 200 கிலோமீட்டரை 13½ மணி நேரத்தில், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்தில் முடிக்க வேண்டும். வார இறுதியில் மாலுக்குப் போகாமல் நூறு கிலோமீட்டர் மிதித்து ஒரு கல்வெட்டைப் பார்க்க வருகிறார்கள் என்பதே பெரிய விஷயம். காரில் வருகிறவர் கோயிலை மட்டும்தான் பார்ப்பார். சைக்கிளில் வருகிறவருக்குக் கோயிலுக்கும் கோயிலுக்கும் நடுவில் இருப்பதைப் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது.

அந்த வாய்ப்பை நாம் பயன்படுத்திக்கொள்கிறோமா என்பதுதான் கேள்வி.

கல்வெட்டு என்ன சொல்கிறது

பராந்தக சோழனின் 12ஆம் ஆட்சியாண்டு, 14ஆம் ஆட்சியாண்டு என்று இரண்டு கல்வெட்டுகள். கணக்குப்படி 919, 921. வெங்கையா இவற்றைத் தொல்லியல் துறையின் 1904-05 ஆண்டறிக்கையில் விளக்கினார். பிறகு நீலகண்ட சாஸ்திரி சோழர் நிர்வாகம் பற்றிய தன் ஆய்வில் விரிவாக எடுத்துக்கொண்டார். பிரான்சுவா குரோவும் நாகசாமியும் சேர்ந்து 1970இல் இந்த ஊரைப் பற்றி மட்டுமே ஒரு புத்தகம் எழுதினார்கள். ஒரு ஊராட்சி மண்டபத்தின் சுவர் இவ்வளவு பேரால் இவ்வளவு கவனமாக வாசிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பயணக் குறிப்புகளில் இது ஒற்றை வரியாகச் சுருங்கிவிடுகிறது: 'அந்தக் காலத்திலேயே ஓட்டுப் போட்டார்கள்.'

யாரும் ஓட்டுப் போடவில்லை. குடவோலை என்பது திருவுளச்சீட்டு. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்றால் இங்கே வார்டு மாதிரி. ஒவ்வொரு குடும்பிலும் தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் கட்டாகக் கட்டிக் குடத்தில் போடுவார்கள். சபையார் எல்லாரும் கூடியிருக்க, விஷயம் அறியாத ஒரு சிறுவனைக் கூப்பிட்டு ஓலை எடுக்கச் சொல்வார்கள். அதைக் கையில் வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலையை ஒளித்து வைத்திருக்கக் கூடாது என்பதற்காக. அந்த ஒரு ஏற்பாட்டிலிருந்தே தெரிகிறது, யாரோ ஏற்கெனவே ஒளித்து வைத்திருந்திருக்கிறார்கள்! கிரேக்கத்து ஏதென்ஸிலும் பல பதவிகளுக்கு ஆள் எடுத்தது சீட்டுக் குலுக்கித்தான். அதிர்ஷ்டத்தின் கையில் விட்டால் செல்வாக்கு செல்லாது என்பது பழைய யோசனை.

குடத்தில் யார் பெயர் போகும்? கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும், வேதம் கற்றிருக்க வேண்டும். உத்திரமேரூர் பிரமதேயம், பல்லவன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டில் உருவான சதுர்வேதிமங்கலம். ஆகவே குடத்துக்குள் போன ஓலைகள் நிலமுள்ள பிராமண ஆண்களின் பெயர்கள் மட்டுமே. அந்த நிலத்தில் இறங்கி வேலை செய்தவர்கள் பெயர் எந்த ஓலையிலும் இல்லை. பெண்கள் பெயர் இல்லை. 2020 டிசம்பர் 10 அன்று புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய பிரதமர் தன் பேச்சில் இந்தக் கல்வெட்டைக் குறிப்பிட்டார். 'ஜனநாயகத்தின் தாய்' என்கிற மாதிரிப் பேச்சுகள் அதன் பிறகு பயணக் குறிப்புகளிலும் அதிகமாகிவிட்டன. அரசியல்வாதி மேடையில் சுருக்கிச் சொல்வது ஒரு விஷயம். சுவருக்கு முன்னால் நேரில் போய் நின்றவரும் அதையே திருப்பிச் சொல்வது வேறு விஷயம்.

அப்படியானால் இந்தக் கல்வெட்டில் பெருமைப்பட ஒன்றுமில்லையா என்றால், இருக்கிறது. என்னைப் பொறுத்தவரை அது வேறு இடத்தில் இருக்கிறது. ஒன்று: 919இல் ஒரு விதி செய்தார்கள், 921இல் அதைத் திருத்தினார்கள். இரண்டே வருடம். முதல் விதி போதவில்லை என்று ஒப்புக்கொண்டு, திருத்தியதையும் அதே மண்டபத்தில் எல்லார் கண்ணிலும் படும்படி வெட்டி வைத்திருக்கிறார்கள். இரண்டு முறையும் அரசனின் அதிகாரி கூடவே இருந்திருக்கிறார் என்பதையும் மறைக்கவில்லை. இரண்டு: வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்துக்குள் போகக்கூடாது. அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரும் போகக்கூடாது. சித்தி மகன், அத்தை மகன், மாமன் என்று உறவுமுறைகளை வரிசையாகச் சொல்கிறது கல்வெட்டு. நம் ஊர் எப்படி நடக்கிறது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதிய விதி இது. பதவியை உறவினர் பெயருக்கு மாற்றிவிட்டுப் பின்னால் நின்று நடத்தும் வித்தை அன்றைக்கே இருந்திருக்க வேண்டும்.

மூன்றாவதுதான் சைக்கிள்காரர்களுக்கு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. குடத்திலிருந்து 30 பெயர்கள் வந்த பிறகு என்ன செய்தார்கள்? 12 பேர் ஆட்டை வாரியத்துக்கு, 12 பேர் தோட்ட வாரியத்துக்கு, 6 பேர் ஏரி வாரியத்துக்கு. பதவிக் காலம் 360 நாள். அதாவது இவ்வளவு ஏற்பாடும், ஐந்து விரலும் விரித்த கையும், ஒரு பங்கு ஏரியைப் பார்த்துக்கொள்ள ஆறு பேரைத் தேடுவதற்காக.

அந்த ஏரி எங்கே? பயணக் குறிப்புகளில் இல்லை.

மேடு எப்படி வந்தது

வந்த வழியில்தான் இருந்தது. அதன் மேலேயே கூட ஓட்டிக்கொண்டு வந்திருக்கலாம்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு இரண்டு மாவட்டங்களும் (2019 நவம்பர் வரை ஒரே மாவட்டம்) ஏரிகளின் நிலம். மேற்கிலிருந்து கிழக்குக் கடற்கரை நோக்கி நிலம் மிக மெதுவாகச் சரிகிறது. கண்ணுக்குத் தெரியாத அந்தச் சரிவில் குறுக்கே பிறைவடிவத்தில் மண்ணைக் கொட்டிக் கரை கட்டினால் மழைநீர் தங்கும். ஒரு ஏரி நிரம்பினால் கலங்கல் வழியாக மிச்சம் அடுத்த ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்தது. சங்கிலி மாதிரி. கரையின் ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் மதகு, அதற்குக் கீழே வயல். ஊர்ச்சாலை பல இடங்களில் கரைமேலேயே போகும், அல்லது கரையை ஏறி இறங்கும்.

இதைக் காரில் உணர முடியாது. பைக்கிலும் முடியாது. சைக்கிளில் மட்டும்தான் முழங்கால் சொல்லும். கடந்த முறை நான் ஓட்டிய 85 கிலோமீட்டருக்கு மொத்த ஏற்றம் நூற்றுச் சொச்சம் மீட்டர்தான் என்று செயலி காட்டியது. அவ்வளவு தட்டையான நிலம். அப்படிப்பட்ட இடத்தில் திடீரென்று இரண்டு மூன்று மீட்டர் மூச்சு வாங்க ஏறுகிறீர்கள் என்றால் அது தானாக வந்த மேடு இல்லை. ஒன்று பாலம், இல்லையென்றால் கரை. யாரோ கூடை கூடையாக மண் சுமந்து போட்டிருக்கிறார்கள். நாம் கியரை மாற்றி ஏறி இறங்கிப் போய்விடுகிறோம். அந்தப் பழைய குறிப்பில் நான் எழுதிய வரி: 'ஊருக்குள் நுழையும் முன் ஒரு சின்ன ஏற்றம், தென்றல் காற்று, இடதுபக்கம் அழகான நீர்நிலை.' ஏரிக்கரை என்ற ஒரு சொல் எனக்கு வரவில்லை. அதைத் தாண்டிப் போய் ஏரி வாரியம் பற்றிய கல்வெட்டைப் படம் பிடித்தேன்!

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் வயிரமேகத் தடாகம் என்ற பெயர் வருகிறது. இன்றைய பெரிய ஏரியோடு அதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். செய்யாற்றில் அனுமந்தண்டலம் அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியாக இதற்குத் தண்ணீர் வருகிறது. இந்த ஏரியைத் தூர்வாருவதற்கென்றே பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியில் ஆண்டுதோறும் வேலை நடக்க ஏற்பாடு செய்த கல்வெட்டுகளும் இந்த ஊரில் இருக்கின்றன. முதலைத் தொடாமல் வட்டியில் பராமரிப்பு: இன்றைக்கு நாம் கார்ப்பஸ் பண்ட் என்று சொல்வோமே, அதேதான்.

சைக்கிளில் போகிறவருக்கு இந்த வரலாறு இன்னொரு விதத்திலும் வந்து சேரும். பஞ்சராக. கரைமேல் ஓட்டியவர்கள் எல்லாரும் சீமைக்கருவேல முள்ளைப் பற்றிப் புலம்பியிருப்பார்கள். எனக்கு ஒரே காலையில் இரண்டு டியூப் போனது. குறிப்புகளில் இது 'சாகசம்' என்ற தலைப்பின் கீழ் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள்: ஒரு கரையில் முள் மண்டிக் கிடக்கிறதென்றால் அங்கே ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது என்று அர்த்தம். மதகு திறக்கிறவர் தினமும் நடந்த கரையில் இப்படி முள் இருக்காது. போர் போட்டு மோட்டார் வைத்த பிறகு ஏரித் தண்ணீரை எதிர்பார்ப்பவர்கள் குறைந்தார்கள். ஏரி அரசாங்கத்தின் பொறுப்பு என்றான பிறகு ஊராரின் கை அதிலிருந்து விலகியது. உங்கள் டயரில் குத்தியிருப்பது ஏரி வாரியம் இல்லாமல் போனதன் ஒரு சின்னத் துண்டு. பஞ்சர் ஒட்டும் அரை மணி நேரத்தில் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

ரோட்டில் நெல்

ஜனவரி, பிப்ரவரியில் சம்பா அறுவடைச் சமயத்தில் போனால் ரோட்டில் பாதியை நெல் பிடித்துக்கொண்டிருக்கும். இதைப் பற்றி இரண்டே வகை எழுத்துதான் கண்ணில் படுகிறது. ஒன்று, 'தங்கக் கம்பளம் விரித்தது போல' என்ற வர்ணனை. மற்றது, 'ரோட்டில் நெல் காயப்போடுவதை அதிகாரிகள் தடுக்க வேண்டும்' என்ற புகார். நெல்மேல் ஏறிச் சறுக்கி விழுந்தவர்கள் புகார் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அந்த நெல்லின் பக்கத்தில் குச்சியோடு உட்கார்ந்திருக்கும் அம்மாவிடம் ஐந்து நிமிடம் நின்று பேசியவர்கள் குறைவு.

நான் ஒருமுறை நின்றேன். "ஏம்மா ரோட்ல காயவெக்கிறீங்க?" என்றேன். "களம் எங்க இருக்குது? ஈரமா எத்துனு போனா சென்டர்ல எடுக்கமாட்டான். திருப்பி எத்துனு வர்றதுக்கு வண்டி வாடகை நீ குடுப்பியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் கேள்வி சரியான கேள்வி. அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்பது பொது விதி; மழை கெடுத்த வருடங்களில் கேட்டுத் தளர்த்தி வாங்குவார்கள். காய வைக்க சிமெண்ட் களம் போதாது. கருப்பாகச் சூடேறிக் கிடக்கும் தார்ச்சாலைதான் அகப்படும் பெரிய களம். நமக்குச் சறுக்கல், அவருக்கு ஒரு போகத்தின் விலை. இந்த ஒரு விஷயத்தை எழுதினால் கூட வயல்வெளிப் பயணம் என்ற சொல்லுக்குக் கொஞ்சம் பொருள் வந்துவிடும்.

இன்னொன்று லாரி. திருமுக்கூடலிலிருந்து சாலவாக்கம் வழியாக உத்திரமேரூர் போகும் பாதையில் கல் குவாரி லாரிகள் ஓயாது. தூசியில் மரத்தின் இலை வெள்ளையாக இருக்கும். குறிப்புகளில் 'இந்தப் பாதையைத் தவிர்க்கவும்' என்று ஒரு வரி வரும். நாம் தவிர்க்கலாம். அந்தப் பாதையில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளால் தவிர்க்க முடியாது. சென்னையின் கட்டடங்களுக்கு ஜல்லி அந்தப் பக்கத்து மலைகளிலிருந்துதான் போகிறது; அந்தக் கட்டடங்களில் ஒன்றிலிருந்துதான் நாமும் சைக்கிளை இறக்கிக்கொண்டு வந்தோம்.

அதே திருமுக்கூடலில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடத்தில் இருக்கும் வெங்கடேசப் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டின் வீரராசேந்திரன் காலத்து நீண்ட கல்வெட்டு ஒன்று இருக்கிறது. 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலை, ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள், ஆண்டு முழுவதற்கும் இருப்பு வைக்க வேண்டிய மருந்துகளின் பட்டியல், அதோடு கல்லூரி, மாணவர் விடுதி. குடவோலைக்குக் கிடைத்த புகழில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குக் கிடைக்கவில்லை. லாரிக்குப் பயந்து அந்தப் பாதையைத் தவிர்க்கிறவர்கள் இதையும் சேர்த்துத் தவிர்க்கிறார்கள். பழையசீவரம் பக்கத்திலிருந்து பாலாற்றுப் பாலத்தைத் தாண்டினால் வந்துவிடும். பாலத்தின் நடுவில் நின்று ஆற்றைப் பாருங்கள். வருடத்தில் பெரும்பாலான நாள் மணலும் நாணலும்தான்.

வேறு சைக்கிள்கள்

இந்த வகை எழுத்தில் எனக்கு மிகவும் உறுத்துவது இதுதான். சைக்கிளைப் பற்றியே எழுதுகிறோம், ஆனால் எதிரே வரும் சைக்கிள்கள் கண்ணில் படுவதில்லை. ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க வருகிறவர், பின் கேரியரில் புல்லுக்கட்டு வைத்துத் தள்ளிக்கொண்டு வருகிற பெண், ஒரே சைக்கிளில் மூன்றாகப் போகும் பள்ளிப் பையன்கள். இவர்கள் படத்தில் வந்தாலும் பின்னணியாக வருவார்கள். 'சைக்கிளிஸ்ட்' என்ற சொல் ஜெர்சி போட்டவருக்கு மட்டும்.

தமிழ்நாட்டு கிராமத்துக்குச் சைக்கிள் என்றால் என்ன என்பதற்குப் பெரிய கதை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்றுக்கொடுத்தது. அப்போதைய கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் துணை நின்றார். பஸ்ஸுக்கும் கணவனுக்கும் காத்திருக்காமல் தாங்களே வேலைக்கும் சந்தைக்கும் போய்வந்த பெண்களைப் பற்றிப் பி. சாய்நாத் எழுதியது பலருக்கும் தெரியும். பிறகு 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம் சில வருடங்களில் எல்லாப் பிரிவு மேல்நிலை மாணவ மாணவியருக்கும் விரிந்தது. உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் மாலை நாலரை மணிக்கு நின்றால் அந்தச் சைக்கிள்கள் வரிசையாக வருவதைப் பார்க்கலாம். சில வீடுகளில் அக்கா ஓட்டியதைத் தங்கை ஓட்டுகிறாள், அதன் பிறகு அப்பா கொல்லைக்கு எடுத்துப்போகிறார்.

திருப்புலிவனத்தில் ஒரு டீக்கடையில் நடந்தது. வியாக்ரபுரீஸ்வரர் கோயிலைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். ஒரு பெரியவர் என் சைக்கிளைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். பின்னால் கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல் கூட இல்லை.

"இன்னா வெலை தம்பி?"

சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

"இவ்ளோ குடுத்தும் ஒரு மூட்டை வெக்க எடம் இல்லியே?"

கடையில் எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கேள்வி வீடு வரைக்கும் கூடவே வந்தது. எதையும் சுமக்காத சைக்கிள் என்பது அவருக்குப் புரியாத பொருள். நாம் அந்த நிலத்தில் எப்படிப் போகிறோம் என்பதற்கும் அதுவே சரியான வர்ணனை. கொண்டுபோவதும் இல்லை, கொண்டுவருவதும் இல்லை, படத்தைத் தவிர.

ஐரோப்பா மாதிரி வேண்டுமா?

குறிப்புகளின் முடிவில் அடிக்கடி வரும் வரி: 'நம் ஊரிலும் ஐரோப்பா மாதிரி சைக்கிள் பாதைகள் வர வேண்டும்.' பிரான்சில் லுவார் ஆற்றங்கரையில் கோட்டைகளையும் திராட்சைத் தோட்டங்களையும் தொட்டுக்கொண்டு ஏறக்குறைய 900 கிலோமீட்டருக்குச் சைக்கிள் பாதை ஒன்று இருக்கிறது. அறிவிப்புப் பலகை, பழுதுபார்க்கும் இடம், சைக்கிளோடு தங்க விடுதி, எல்லாம் உண்டு. நல்ல விஷயம்தான், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பாதை ஓடும் ஊர்களுக்கு அதில் வருமானம் இருக்கிறது என்பதை நாம் சொல்வதில்லை. நம் ஆசையில் பாதை மட்டும் இருக்கிறது. ஊர்க்காரருக்கு அதில் என்ன என்ற கேள்வி இல்லை. முந்தின இரவே காஞ்சிபுரத்தில் தங்கி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு, எனர்ஜி பாரைக் கடித்தபடி நாற்பது கிராமத்தைக் கடந்து திரும்பினால், அந்த நாற்பது கிராமத்துக்கும் நாம் விட்டுவிட்டு வருவது டயர் தடம் மட்டும்தான்.

தவிர, நம்மிடம் பாதை இல்லாமல் இல்லை. ஏரிக்கரைகள் இருக்கின்றன. ஒரு கரையின் முள்ளை வெட்டி, மண்ணைக் கெட்டிப்படுத்தினால் அது முதலில் ஏரிக்கு நல்லது, அடுத்து ஊருக்கு நல்லது, மூன்றாவதாக நமக்கும் நல்ல சைக்கிள் பாதை. இந்த வரிசையில் கேட்டால் கேட்பதற்கு நமக்குக் கொஞ்சம் உரிமையும் வரும். தலைகீழாகக் கேட்டால், கரைமேல் டைல்ஸ் பதித்து, கைப்பிடி வைத்து, செல்பி எடுக்க ஒரு வளைவு கட்டிக்கொடுப்பார்கள். வேறு ஊர்களில் இதைப் பார்த்துவிட்டோம்.

என் கணக்கு

கணக்குக் காட்டாதவர் பெயர் மறுபடி குடத்தில் போகக்கூடாது என்ற விதி எனக்குப் பிடித்திருக்கிறது. பயணக் குறிப்புக்கும் அதைப் பொருத்திப் பார்க்கிறேன். அடுத்த முறை கிளம்புவதற்கு முன், போன முறைக்கான கணக்கு.

பாதை: காஞ்சிபுரம், வாலாஜாபாத், பழையசீவரம், பாலாற்றுப் பாலம், திருமுக்கூடல், சாலவாக்கம், உத்திரமேரூர், திருப்புலிவனம், மாகறல், காஞ்சிபுரம். கல்வெட்டுக்கு முன்னால் நின்றது முக்கால் மணி நேரம். அதில் என்னால் நேராக எழுத்துக் கூட்டி வாசிக்க முடிந்தது மூன்று சொல். வழியில் ஏறி இறங்கியவற்றில் ஏரிக்கரை என்று இப்போது அடையாளம் தெரிந்தவை ஒன்பது. பெயர் கேட்டுத் தெரிந்துகொண்டவை நான்கு. மீதி ஐந்துக்குப் பெயர் கேட்கத் தோன்றவில்லை, அது என் பாக்கி. பஞ்சர் இரண்டு, ஒன்றை ஒட்டியவர் இருபது ரூபாய்தான் வாங்கினார், கூடவே "கரைமேல ஓட்டாதீங்க சார், எங்க வண்டியே போறதில்ல" என்றார். டீ நான்கு. நெல்லின்மேல் ஓட்டியது ஒருமுறை, தெரியாமல். திட்டு வாங்கினேன், நியாயமான திட்டு.

கேரியர் ஒன்று வாங்கிப் பொருத்திவிட்டேன். சைக்கிள் கடைக்காரர் இந்த மாடலுக்கு நல்லா இருக்காது என்றார். பரவாயில்லை. தை மாதம் அந்த டீக்கடைப் பக்கம் போகும்போது பெரியவர் இருந்தால் காட்ட வேண்டும்.